ஊரான் பிள்ளையும் ஒரு முன்கதவும்

வீட்டில் வைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர், அந்தப் பிள்ளைகளை வெளியே நடக்க அழைத்துப் போகலாமா, கூடாதா? கேட்கும்போது சின்னக் கேள்விதான். ஆனால் போன மாதம் நம் வட்டார இளைஞர் கூட்டத்தில், தேவாரம் பாடி முடித்துத் தேநீரோடு உட்கார்ந்த நேரத்தில் இந்தக் கேள்வி கிளம்பி, முக்கால் மணி நேரம் ஓடியது. ஒரு முடிவும் வரவில்லை. கூச்சல்தான் மிச்சம். "பேசினதை எழுதிக் கொடு தம்பி" என்று பொறுப்பாசிரியர் சொன்னதால் எழுதுகிறேன். பேசியதை விட எழுதும்போது கொஞ்சம் நிதானமாக யோசிக்க முடிகிறது.

பின்னணி இதுதான். என் அத்தை பெஸ்தாரி ஜெயாவில் ஒரு தாமான் வீட்டில் ஐந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். (2007இல் பெயர் மாறிவிட்டது; ஆனாலும் எங்கள் வீட்டில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்.) சமூக நல இலாகாவில் பதிவு செய்த வீட்டுத் தாஸ்கா. மூத்த பிள்ளைக்கு மூன்றரை வயது, இளையதுக்கு ஒன்றரை. பெற்றோரில் பெரும்பாலோர் ரவாங், பூஞ்சாக் அலாம் பக்கம் தொழிற்சாலை வேலை. விடியற்காலை ஆறு மணிக்கெல்லாம் முதல் காடி வாசலில் வந்து நிற்கும். தினமும் எட்டரை மணி வாக்கில் அத்தை ஐந்து பேரையும் அழைத்துக்கொண்டு, வீட்டிலிருந்து 200 மீட்டர் தள்ளி இருக்கும் கோயில் திடலுக்கு நடப்பார். அங்கே அரை மணி நேரம் ஓட்டம், மண், எறும்பு, வேப்பங்காய். திரும்பி வந்து குளியல், கஞ்சி, தூக்கம்.

அந்தத் திடலில் ஒரு நாள் ஒரு பையன் ஓடி விழுந்தான். முழங்காலில் சிராய்ப்பு, நெற்றியில் ஒரு புடைப்பு. மாலையில் அம்மா வந்து பார்த்துவிட்டு அழுதார், கோபப்பட்டார். "இனிமே வெளிய கூட்டிட்டுப் போகாதீங்கக்கா, உள்ளயே வச்சிருங்க." மற்ற இரண்டு வீட்டாரும் அதையே சொன்னார்கள். அன்றிலிருந்து முன்கதவுக்குப் பூட்டு. பிள்ளைகள் உள்ளே. தொலைக்காட்சி ஓடுகிறது. யாருக்கும் சிராய்ப்பு இல்லை.

கூட்டத்தில் பாதிப் பேர் சொன்னது: அம்மா கேட்டது நியாயம்தானே, பிள்ளை அவங்களுது. மீதிப் பேர்: பிள்ளையை அடைச்சு வைக்கிறது பாவம். இரண்டு பக்கமும் "பாதுகாப்பு" என்ற ஒரே சொல்லைத்தான் பயன்படுத்தியது. அந்தச் சொல்லுக்கு ஆளுக்கு ஒரு பொருள் இருந்ததுதான் சிக்கல்.

முதலில் பயத்துக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். நம் பக்கத்தில் வெளியே இருப்பது பூங்கா இல்லை. செம்பனைக் குலை ஏற்றிய லோரி, மணல் லோரி, பள்ளிக்கூடப் பேருந்தை முந்தும் மோட்டார். மூடி இல்லாத லொங்காங். மழை பெய்தால் அரை மணி நேரத்தில் அது ஆறு மாதிரி ஓடும். ஈயம் தோண்டி விட்டுப்போன குளங்கள், மணல் அள்ளிய பள்ளங்கள். தண்ணீர் நீலமாக அழகாக இருக்கும், கரையில் இரண்டு அடி வைத்தால் மூன்றாவது அடிக்குத் தரை இருக்காது. தோட்டத்துப் பக்கம் பாம்பு. கோலா சிலாங்கூர் மலாவாத்தி குன்றுக்குப் போனால் குரங்கு. சாம்பல் நிற லுத்தோங் சாது, ஆனால் பிஸ்கட் பொட்டலத்தைப் பார்த்துவிட்ட மற்ற குரங்குகள் சாது இல்லை. தமிழ்நாட்டில் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் சிறுத்தை வந்து வீட்டு வாசலில் விளையாடும் பிள்ளையைத் தூக்கிப் போன செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். தோட்டப்புறத்தில் பிள்ளை வளர்க்கிறவர்களின் பயம் வெறும் கற்பனை இல்லை.

நான் இயந்திரப் பொறியியல் படிக்கிறவன். பயத்தைப் பார்த்தால் கணக்குப் போடத் தோன்றும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஓட்டுநர் பிள்ளையைப் பார்த்துக் கால் பிரேக்கில் படுவதற்கு ஒன்றரை வினாடி. அதற்குள் 21 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடித்து நிற்க, காய்ந்த தார் ரோட்டில், இன்னும் 16 மீட்டர். மொத்தம் 37. அதே வண்டி 30இல் வந்தால் மொத்தமே 18 மீட்டர்தான். வேகம் பாதியாகக்கூடக் குறையவில்லை, தூரம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. இது நல்ல பிரேக், நல்ல டயர், பாரம் இல்லாத வண்டிக்குப் போட்ட கணக்கு. குலை ஏற்றிய லோரி, மழை ஈரம், செம்மண் படிந்த ரோடு என்றால் நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு வயதுப் பிள்ளை கையை உதறிக்கொண்டு ஓடினால் மூன்று வினாடியில் ஐந்து மீட்டர் போய்விடும். அதாவது ரோட்டின் நடுவுக்கு.

ஆனால் இதே கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. இரண்டு வயதுப் பிள்ளையின் உயரம் ஏறக்குறைய 86 சென்டிமீட்டர். பெரிய குடும்ப வண்டிகளின் பின்கண்ணாடி தொடங்குவதே தரையிலிருந்து ஒரு மீட்டர் வாக்கில். வண்டிக்குப் பின்னால் நிற்கும் பிள்ளை கண்ணாடியில் தெரியவே தெரியாது. அத்தை வீட்டைச் சுற்றி எந்த இடம் ஆபத்து என்று யாராவது என்னைக் கேட்டால் கோயில் திடல் என்று சொல்ல மாட்டேன். காலை ஆறே முக்காலுக்கு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று அவசரமாக ரிவர்ஸ் எடுக்கும் பெற்றோரின் காடிகள் நிற்கும் அந்த வாசல்தான். பூட்டு போட்டது கதவுக்கு. ஆபத்து கதவுக்கு வெளியே ஆறடியில், பெற்றோர் கையிலேயே சாவியாக இருக்கிறது. இதைக் கூட்டத்தில் யாரும் பேசவில்லை. பிள்ளை விழுந்த இடம்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

இனி உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. ஒரு வயது முதல் நான்கு வயது வரையிலான பிள்ளை நாள் ஒன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடலை அசைத்து இயங்க வேண்டும். வண்டியிலோ நாற்காலியிலோ ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டி உட்கார வைக்கக் கூடாது. திரை, இரண்டு வயதுக்கு மேல் போனாலும், ஒரு மணி நேரத்துக்குள். தாமான் வீட்டுக் கூடத்தில் ஐந்து பிள்ளைகள் 180 நிமிடம் ஓடுவது எப்படி? சுவரில் மோதிக்கொண்டுதான். சிராய்ப்பு இல்லாத பிள்ளைக்கு வேறு ஏதோ குறைகிறது. அது அன்று மாலை அம்மா கண்ணுக்குத் தெரியாது, இரண்டு வருடம் கழித்துப் படியில் ஏறத் தயங்கும்போது தெரியலாம், தெரியாமலும் போகலாம். தெரிகிற தீங்குக்கு ஒருவரைக் குற்றம் சொல்ல முடியும். தெரியாத தீங்குக்கு யாரும் பொறுப்பில்லை. நாம் எல்லாரும் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பதற்கு இதுவே போதுமான காரணமாக இருக்கிறது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

யசோதை கண்ணனை உரலில் கட்டிய கதை நம் எல்லாருக்கும் தெரியும். வெண்ணெய்ப் பானையை உடைத்த பிள்ளை; அவளுக்கு வீட்டு வேலை கிடக்கிறது; கட்டிப்போட்டுவிட்டு வேலைக்குப் போகிறாள். கண்ணன் உரலையே இழுத்துக்கொண்டு போய் இரண்டு மருத மரங்களுக்கு நடுவே நுழைந்து மரங்களைச் சாய்க்கிறான். கோயிலில் இதைச் சொல்லும்போது நளகூபரன், மணிக்ரீவன் சாப விமோசனத்தோடு முடித்துவிடுவார்கள். நான் சின்ன வயதில் கேட்டபோது எனக்குப் பிடித்தது அது இல்லை. கட்டினாலும் பிள்ளை நகரும் என்பதுதான். யசோதையை நான் குறை சொல்லவில்லை, ஒற்றை ஆளாகப் பிள்ளையும் வேலையும் பார்க்கிற எந்தப் பெண்ணும் செய்கிற காரியம்தான் அது. ஆனால் கட்டியதால் பிள்ளை பத்திரமாக இருக்கவில்லை. மரம் விழுந்த சத்தம் கேட்டுத்தான் ஆயர்பாடியே ஓடி வந்தது.

பிள்ளைத்தமிழின் வரிசையையும் யோசித்துப் பாருங்கள். பத்துப் பருவத்தில் முதலில் வருவது காப்பு. தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டு இந்தப் பிள்ளையைக் காப்பாற்று என்று வேண்டுவது. ஆனால் புலவர் அங்கேயே நிற்பதில்லை. செங்கீரை ஆடுகிறது, கைதட்டுகிறது, வா என்றால் தளர்நடை போட்டு வருகிறது. ஆண்பால் பிள்ளைத்தமிழ் என்றால் கடைசி மூன்று பருவம் சிற்றில், சிறுபறை, சிறுதேர். மூன்றும் வெளியே. மணல்வீட்டைக் காலால் அழிக்கிறான், பறை கொட்டுகிறான், தெருவில் தேர் உருட்டுகிறான். காப்பு என்று தொடங்கிய பாட்டு தெருவில் போய் முடிகிறது. இதை நான் ஏதோ பெரிய ஆராய்ச்சி என்று சொல்லவில்லை. பள்ளியில் படித்த ஒரு பட்டியலைத் திரும்பப் பார்த்தபோது தோன்றியதுதான். காக்கிறது எதுக்கு? தேர் உருட்டத்தானே.

நம்ம ஊரில் இந்தக் கேள்வி புதுசும் இல்லை. இந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. நாட்டிலேயே முதன்முதலில் வணிக முறையில் செம்பனை நட்டது 1917இல், இதே பெர்ஜுந்தையின் தென்னமரம் தோட்டத்தில், ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். சுற்றிலும் இருந்தவை ரப்பர்த் தோட்டங்கள். பால் விடியற்காலையில்தான் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் குறைந்துவிடும். அதனால் இருட்டிலேயே பிரட்டு, இருட்டிலேயே வேலைக்காடு. அம்மாவும் போயாக வேண்டும். அப்போ பிள்ளை? அதற்குத்தான் ஆயாக் கொட்டகை. வரிசையாகத் தொங்கும் ஏணைகள், ஒரு வயதான ஆயா, தகரக் கூரை. இலங்கை மலையகத்தில் இதையே பிள்ளைக் காம்பரா என்பார்கள். இந்தியாவில் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தோட்டத்தில் காப்பகம் இருக்க வேண்டும் என்றது. நம் நாட்டிலும் தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் தோட்டத்துக் காப்பகத்துக்குத் தனி இடம் உண்டு.

பாட்டி பால்மரம் வெட்டியவர். அத்தை ஆயாக் கொட்டகையில் வளர்ந்தவர். பாட்டி சொல்வார்: நிறுவை முடிந்து அம்மாமார் ஸ்டோரிலிருந்து திரும்பும் நேரத்தில் ஆயா நடக்கத் தெரிந்த பிள்ளைகளை லயத்து ஓரமாக அழைத்து வருவாராம். பழைய சேலையைக் கிழித்து முறுக்கிய நீளக் கயிறு. ஆளுக்கு ஒரு முடிச்சு. முடிச்சை விட்ட பிள்ளைக்கு அன்று பால் ரொட்டி இல்லை. நான் சிரித்தேன். இன்றைக்குக் கடையில் வண்ண வண்ணமாக நடைக் கயிறு விற்கிறார்கள், வளையம் வைத்து. அந்த ஆயாவுக்கு யாரும் காப்புரிமை கொடுக்கவில்லை.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. ஒரே ஆயாவிடம் முப்பது பிள்ளை இருந்த கொட்டகைகளும் உண்டு என்று அதே பாட்டிதான் சொன்னார். ஈரத் தரை, சொறி, வயிற்றுப்போக்கு. நிர்வாகத்துக்குப் பிள்ளை முக்கியம் என்பதை விட அம்மா மரத்தடியில் நிற்பதுதான் முக்கியம். ஆனாலும் ஒன்று இருந்தது. பிள்ளையைப் பார்ப்பது ஒரு ஆளின் சொந்தப் பொறுப்பாக மட்டும் இல்லை. கொட்டகை எல்லாருடைய நடைபாதையிலும் இருந்தது. கிராணி, கங்காணி, தண்ணீர் எடுக்கப் போகிற பெண், எல்லார் கண்ணும் பட்டது. தோட்டம் துண்டாடப்பட்டு, வீடமைப்புத் திட்டம் ஆகி, நாம் தாமானுக்கு வந்தபோது, கொட்டகையை விட்டுவிட்டோம். கூடவே அந்தக் கண்களையும்.

இப்போது இருப்பது 1984ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டம். ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பத்திலிருந்து, நான்கு வயதுக்குக் குறைந்த நான்கு பிள்ளை அல்லது அதற்கு மேல், கட்டணம் வாங்கிப் பார்த்தால் அது மையம், பதிவு வேண்டும். ஒன்பது பிள்ளை வரை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். ஒன்று முதல் மூன்று வயதுப் பிள்ளைகள் என்றால் ஐந்து பேருக்கு ஒரு பராமரிப்பாளர். சரி. அப்போ மூன்று பிள்ளையைப் பார்க்கும் பக்கத்து வீட்டு ஆன்ட்டி? சட்டத்தின் கண்ணில் மையம் இல்லை. ஆனால் அந்த மூன்றாவது பிள்ளைக்கும் நான்காவது பிள்ளைக்கும் லொங்காங்கின் ஆழம் ஒன்றுதான். சட்டம் எங்கோ ஒரு இடத்தில் கோடு போட்டுத்தான் ஆக வேண்டும், அதில் தப்பில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் கடமையே இல்லை என்று நாம் எடுத்துக்கொள்வதுதான் தப்பு.

இந்த இடத்தில் வங்காளதேசத்துக்குப் போய் வர வேண்டும். அங்கே ஊரெல்லாம் குளம். ஒன்று முதல் நான்கு வயதுப் பிள்ளைகள் நிறையப் பேர் மூழ்கிச் சாகிறார்கள். அதுவும் காலையில், அம்மா சமையலும் வயல் வேலையுமாக இருக்கும் நேரத்தில். சின்னப் பிள்ளை மூழ்கும்போது சத்தம் வராது, அது சினிமாவில்தான். அங்கே எல்லாக் குளத்துக்கும் வேலி போட முடியுமா? முடியாது. அவர்கள் செய்தது வேறு. ஊர்ப் பெண் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து, காலை 9 முதல் மதியம் 1 வரை 20, 25 பிள்ளைகளை ஒரு வீட்டில் வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். அப்படிப் போன பிள்ளைகளிடையே மூழ்கிச் சாவது 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்ததாக ஆய்வு காட்டியது. அந்த இடங்களுக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஆஞ்சல்'. வங்காளியில் முந்தானை என்று பொருள். வேலியும் பூட்டும் செய்யாததை ஒரு பெண்ணின் கண் செய்தது. அந்தக் கண்ணுக்குச் சம்பளமும் பயிற்சியும் கொடுத்ததுதான் அங்கே நடந்த புதுமை.

அப்படியென்றால் பிரச்சினை தீர்ந்துவிட்டது, அத்தை கதவைத் திறக்கட்டும் என்று சொல்லிவிடலாமா? சொல்ல முடியவில்லை. கூட்டத்தில் ஒரு அக்கா கேட்ட கேள்வி இன்னும் நிற்கிறது. "ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? நீங்களா?"

தாமஸ் நேகல் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் 1979இல் வந்த தன் நூலில் ஒரு உதாரணம் தருகிறார். குளியல் தொட்டியில் குழந்தையை விட்டுவிட்டுக் குழாயையும் மூட மறந்து போன ஒருவர், நினைவு வந்து மாடிப்படியில் ஓடுகிறார். மேலே போய்க் குழந்தை நன்றாக இருந்தால், அவர் கொஞ்சம் கவனக்குறைவான ஆள். குழந்தை இறந்திருந்தால், அவர் செய்தது கொடுமை. ஓடிக்கொண்டிருக்கும் அந்த நிமிடத்தில் அவர் செய்த காரியம் ஒன்றுதான். ஆனால் அவர் யார் என்பதை முடிவு செய்வது மாடியில் இருக்கிறது, அவர் கையில் இல்லை. பத்து அத்தைமார் ஒரே மாதிரி பத்து வினாடி திரும்பிப் பார்க்கிறார்கள். ஒன்பது பேருக்கு எதுவும் நடக்கவில்லை. பத்தாவது ஆள் பத்திரிகையில் வருகிறார். அந்த ஒன்பது பேரும், நாமும் சேர்ந்து அவரைத் திட்டுகிறோம்.

நம் பக்கத்தில் இதற்கு ஒரு சுருக்கமான சொல் வைத்திருக்கிறோம்: விதி. நடந்துவிட்டால் விதி, நடக்காவிட்டால் தெய்வாதீனம். எனக்கு இந்தச் சொல் மீது மரியாதை உண்டு, பிள்ளையை இழந்த வீட்டில் அது ஆறுதல். ஆனால் நடப்பதற்கு முன்பே அதைச் சொன்னால் அது சோம்பல். பலன் நம் கையில் இல்லை என்று கீதை சொல்வதை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறோம்; செயல் நம் கையில்தான் இருக்கிறது என்ற முன்பாதியை விட்டுவிடுகிறோம். லொங்காங்குக்கு மூடி போடுவது செயல். ரிவர்ஸ் எடுக்கும் முன் இறங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பது செயல். இவற்றுக்கு விதி பொறுப்பில்லை.

மாதரியின் கதை இங்கே எனக்கு முக்கியமாகப் படுகிறது. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மதுரைப் புறஞ்சேரியில் மாதரி என்ற ஆயர்குலப் பெண்ணிடம் அடைக்கலம் கொடுக்கிறார். மாதரி அவளைத் தன் மகள் போல வைத்துக்கொள்கிறாள், வீடு கொடுக்கிறாள், சமைக்கப் பொருள் கொடுக்கிறாள். பிறகு மதுரையில் நடந்தது நமக்குத் தெரியும். பொற்கொல்லன் பொய் சொன்னான், அரசன் விசாரிக்கவில்லை, காவலன் வெட்டினான். கடைசியில், அடைக்கலப் பொருளைக் காக்கத் தவறினேன் என்று தீயில் விழுந்தது யார்? மாதரி. அவள் எந்தத் தவறும் செய்யவில்லை. அவள் கையில் அதிகாரமும் இல்லை. ஆனால் பொறுப்பு முழுவதையும் அவள்தான் தன் தலையில் ஏற்றுக்கொண்டாள்.

இதைச் சின்ன வயதில் பெருமையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். அடைக்கலத்துக்கு உயிர் கொடுத்தவள் என்று. இப்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. பிள்ளை பார்க்கிற பெண்களிடமும் நாம் இதையேதான் எதிர்பார்க்கிறோம். ரோட்டில் 70இல் போகும் லோரி, மூடி உடைந்து பல வருடமான லொங்காங், ஒரு நடைபாதைகூட இல்லாமல் போட்ட தாமான், அவசரத்தில் ரிவர்ஸ் எடுக்கும் அப்பா. இத்தனை பேரும் தங்கள் பங்கை விட்டுவிட்டு, மிச்சம் இருக்கும் ஒரே கண்ணான அத்தையிடம் "பத்திரமா பாத்துக்கோங்க" என்கிறார்கள். பாதுகாப்புப் பாடத்தில் எங்களுக்கு ஜேம்ஸ் ரீசன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளரின் ஓட்டைப் பாலாடைக்கட்டி மாதிரியைச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு தடுப்பிலும் ஓட்டை உண்டு, எல்லா ஓட்டையும் ஒரே நேர்கோட்டில் வரும்போதுதான் விபத்து. எனக்கு ரொட்டி ஜாலாதான் நினைவுக்கு வந்தது. ஐந்து ரொட்டி ஜாலாவை அடுக்கினால் தட்டு தெரியாது. ஒன்றே ஒன்று இருந்தால் எல்லாம் தெரியும். அத்தை அந்த ஒன்று. அவரை இன்னும் கவனமாக இரு என்று சொல்லிக்கொண்டே இருப்பதால் ஓட்டை அடையாது.

அதனால் என் பதில் இப்படி. ஆபத்தில் பங்கெடுக்காதவர்களுக்கு, ஆபத்தே இருக்கக் கூடாது என்று கேட்கும் உரிமை கிடையாது. அந்த அம்மா கேட்டதில் பாசம் இருக்கிறது, சந்தேகமில்லை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடிந்து வந்து பிள்ளை நெற்றியில் புடைப்பைப் பார்த்தால் யாருக்கும் அழுகைதான் வரும். ஆனால் 'உள்ளயே வச்சிருங்க' என்பது ஆபத்தைக் குறைக்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் ஆபத்தை அத்தையின் கணக்கிலிருந்து எடுத்து, தெரியாத ஆபத்தாகப் பிள்ளையின் கணக்கில் எழுதிவிட்டது.

என் பக்கத்து ஆட்களோடும் எனக்கு ஒரு சண்டை உண்டு. "அடைக்கிறது பாவம்" என்று பேசியவர்கள் ஒருவரும் ஐந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ரோடு தாண்டியவர்கள் இல்லை. நான் விடுமுறையில் அத்தையோடு போயிருக்கிறேன். சட்டம் ஒருவருக்கு ஐந்து என்கிறது. ஆனால் கை இரண்டுதான். கூடத்துக்குள் ஐந்து பேரை ஒரு ஆள் பார்க்கலாம். ரோட்டோரத்தில் முடியாது. ஒன்றரை வயது இடுப்பில், இரண்டு பேர் கையில், மீதி இரண்டு பேர்? கயிறு இருந்தால் பரவாயில்லை, ஒருத்தன் உட்கார்ந்து எறும்பு பார்க்கத் தொடங்கினால் முழு ரயிலும் நிற்கும். ஆகவே ஒற்றை ஆளாக இருக்கும் நாளில் அத்தை வாசலைத் தாண்டக் கூடாது என்பதே என் கருத்து. அன்றைக்கு வேலிக்குள், முன்வாசல் சிமெண்டில் ஒரு வாளித் தண்ணீரோடு. ஆட்டம் முடிந்ததும் வாளியைக் கவிழ்த்துவிட வேண்டும். வாளியில் மிச்சம் இருக்கும் தண்ணீரே ஒரு பிள்ளை மூழ்கப் போதும், கொசுவுக்கும் அது போதும்.

கூட ஒரு பெரிய ஆள் இருந்தால் கதை மாறும். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், நடுவில் கயிறு. எட்டரைக்குள் கிளம்பி ஒன்பதரைக்குள் திரும்பிவிடுவது, அதற்கு மேல் சறுக்குமரத்தின் இரும்பு சுடும். புகைமூட்டக் காலத்தில் காற்று மாசுக் குறியீடு 100ஐத் தாண்டினால் கேள்வியே இல்லாமல் உள்ளே. கிளம்பும்போது, திடலில், திரும்பும்போது என்று மூன்று முறை தலை எண்ணுவது, வாய்விட்டு எண்ணுவது. பிள்ளைகளும் சேர்ந்து கத்தும், ஒன்று முதல் ஐந்து வரை தமிழில் எண்ணக் கற்றதே அப்படித்தான். லொங்காங் இருக்கும் பக்கம் பெரியவர் நடப்பது. திடலில் விட்ட பிறகு பிள்ளை ஓடட்டும், விழட்டும். முழங்கால் சிராய்ப்புக்கும் லோரிச் சக்கரத்துக்கும் ஒரே சொல்லில் 'ஆபத்து' என்று சொல்வதால்தான் பாதிக் குழப்பம். ஒன்று பிள்ளை கற்றுக்கொள்ளும் இடம். மற்றது கற்றுக்கொள்ளவே வாய்ப்புத் தராத இடம். முன்னதை விட்டுவைப்பதும் பின்னதை நெருங்கவே விடாததும் ஒரே ஆளின் வேலைதான், அது சுலபமில்லை.

கூட ஒரு ஆளுக்கு எங்கே போவது? கட்டணத்தைக் கூட்டினால் ஷிப்ட் சம்பளத்தில் கட்ட முடியாது. கூட்டாவிட்டால் அத்தையால் ஆள் வைக்க முடியாது. இதற்கு என்னிடம் முழுத் தீர்வு இல்லை. ஆனால் நம் இயக்கத்தில் செமஸ்டர் விடுமுறையில் சும்மா இருக்கும் ஆட்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எல்லாரும் பன்னிரண்டு மணிக்குத்தான் வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் போடுகிறார்கள். கோயில் திருவிழாவுக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம், ரத்த தானம் நடத்துகிறோம். வாரத்தில் மூன்று நாள், காலையில் ஒரு மணி நேரம், கயிற்றின் பின்முனையைப் பிடிக்க ஒரு ஆள். இதுவும் தொண்டுதான். புகைப்படம் எடுத்துப் போட முடியாது, பிள்ளைகள் படத்தைப் போடக் கூடாது. அது மட்டும்தான் குறை.

அத்தையிடம் இதைச் சொன்னேன். உடனே சந்தோஷப்பட்டுவிடவில்லை.

"வர்ற பசங்க யாரு என்னன்னு எனக்கு முன்னாடியே தெரியணும்டா. பேரன்ட்ஸ் கிட்டயும் சொல்லணும். கண்டவங்கள எல்லாம் பிள்ளைங்க கிட்ட விட மாட்டேன்."

சரியான பேச்சு. அத்தையைத் தனியாக விட்டு யாரும் பிள்ளைகளோடு இருக்கக் கூடாது, குளியலறைப் பக்கம் போகக் கூடாது, கைப்பேசி வீட்டு மேசையில் இருக்க வேண்டும் என்று அவரே மூன்று நிபந்தனை போட்டார். நான்காவதாக, பெற்றோர் ஐந்து வீட்டாரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேச வேண்டும் என்றார். அவர்களே ஒரு முறை திடல் வரை பிள்ளைகளோடு நடந்து பார்க்கட்டும் என்றார். அந்தச் சிராய்ப்புப் பையனின் அம்மா வருவாரா என்று கேட்டேன். "வருவா. ஷிப்ட் இல்லாத நாளா பாத்து வைக்கணும்" என்றார்.

கோயில் சந்தில் உடைந்திருக்கும் லொங்காங் மூடிகளை நான் எண்ணிவிட்டேன். ஏழு. அளவெடுத்து, படம் எடுத்து, நகராண்மைக் கழகத்துக்குக் கடிதம் எழுதியாகிவிட்டது. பதில் வரும் வரைக்கும் பலகை வைத்து மூட, வரும் சனிக்கிழமை காலை ஏழரைக்கு நாங்கள் நான்கு பேர் போகிறோம். ஆணியும் ரம்பமும் இருக்கிறது. பலகைதான் இன்னும் நான்கு வேண்டும்.